‘பாரம்பரியம்’ என்று வெளிவந்த பாடல்: கல்குவாரிப் பாடகர் ஒருவரின் உரிமைக் கோரிக்கை – நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த, தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடும் நாட்டுப்புறப் பாடகர் ஒருவரின் பாடல், அவர் உயிரோடு இருக்கும்போதே ‘வரிகள்: பாரம்பரியம்’ என்ற குறிப்போடு ஓர் இசை நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அப்பாடலின் வரிகள் அவருடையவை என்பதை நிறுவ எடுக்கப்பட்ட முயற்சிகளையும், அவை எங்கே பலித்தன, எங்கே பலிக்கவில்லை என்பதையும் இவ்வறிக்கை பதிவு செய்கிறது. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிவரும் எங்கள் ஆவணக்குழுவிடம் பாடகரின் பேரன் உதவி கேட்டு வந்ததிலிருந்து இதில் எங்களுக்குப் பங்கு உண்டு. பாடகர், குடும்பத்தார், இசையமைப்பாளர், நிறுவனம் ஆகிய எவருடைய பெயரும் இங்கே இல்லை. மேற்கோளாக வரும் சில வரிகள் பாடகரின் ஒப்புதலோடு தரப்படுகின்றன.

பின்புலம்

பாடகர் 1950களின் இறுதியில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் கல்லுடைக்கும் தொழிலாளர்கள். வானம் பார்த்த புன்செய் நிலமே மிகுதியான அப்பகுதியில், மழை பொய்த்த ஆண்டுகளில் உலை வைக்கக் காசு கொடுத்தது கல்குவாரி மட்டும்தான். பாடகருக்கு விவரம் தெரிந்த வயதிலேயே தந்தை குவாரி வெடியில் சிக்கி இறந்துபோனார். தாயார் சுற்றுப்பட்டு ஊர்களில் சாவு வீடுகளுக்கு ஒப்பாரி பாட அழைக்கப்பட்டவர். அவரோடு கூடவே போய்ப் பந்தலில் உட்கார்ந்து கேட்டதுதான் பாடகருக்குக் கிடைத்த இசைப் பயிற்சி. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. பகலில் சம்மட்டி பிடித்தார். இரவில் தப்பு அடிக்கக் கற்றார். ஊர்த் திருவிழாக்களில் தெம்மாங்கு பாடும் குழுக்களோடு சேர்ந்து பாடினாலும், முப்பது வயது கடக்கும்வரை சொந்தமாக ஒரு வரிகூடக் கட்டியதில்லை என்கிறார்.

அவரைப் பாட்டுக் கட்ட வைத்தது அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அந்த எழுத்தறிவு இயக்கம், பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றதற்காக நாடெங்கும் பேசப்பட்டது. அதே காலத்தில் கல்குவாரிகளில் வேலை செய்த பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுக்கவும் வழி செய்யப்பட்டது. குத்தகைக்கு எடுத்தவர் கணக்கெழுத வேண்டும்; எத்தனை லோடு போனது, யாருக்கு எவ்வளவு கூலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரவு வகுப்புகளுக்கு ஆள் திரட்ட ஊர் ஊராகப் போன கலைக்குழுவில் பாடகர் தொண்டராகச் சேர்ந்தார். இந்த ஆய்வுக்குரிய பாடலை அப்போதுதான் கட்டினார். அதன் பல்லவி இது:

கல்லொடச்ச கையி தாயி – இப்பக்
கணக்கெழுத வந்த கையி

இயக்கத்தின் வேகம் தணிந்தபின் கலைக்குழுவில் அறிமுகமான சிலரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு செட் தொடங்கினார். ஆர்மோனியம், டோலக், தவில், உருமி, தப்பு, இரண்டு பெண் பாடகர்கள். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் திருவிழா சீசன். மற்ற மாதங்களில் குவாரி. 1996இல் திருச்சியில் ஒரே பகலில் பத்துப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து ஒரு கேசட் வெளிவந்தது. அதில் ஐந்து அவர் கட்டியவை. ஒரு தொகையும் சில கேசட்டுகளும் கையில் கொடுக்கப்பட்டன. ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. அந்தத் தாளின் நகல் அவரிடம் இல்லை. கேசட் போட்டவர்கள் சில ஆண்டுகளில் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

2000க்குப் பிறகு கோயில் மேடைகளைச் சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ராவும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளும் பிடித்துக்கொண்டன. செட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். கிரஷர் வந்தபின் கையால் ஜல்லி உடைக்கும் வேலையும் குறைந்தது. தனியாளாகத் தப்பை எடுத்துக்கொண்டு பள்ளி ஆண்டுவிழாவுக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் போய்ப் பாடிக்கொண்டிருந்தவருக்கு, 2020இலும் 2021இலும் பொதுமுடக்கத்தால் திருவிழாக்கள் நின்றபோது அதுவும் இல்லாமல் போயிற்று. இந்தக் கட்டத்தில்தான் பேரன் அவரைப் பாடச் சொல்லிக் கைபேசியில் படம் பிடித்து யூடியூபில் போடத் தொடங்கினார்.

பிரச்சினை எழுந்த விதம்

2022இல், ஊர்க் கோயில் திடலில் பாடகர் இந்தப் பாட்டைப் பாடிய காணொளியைப் பேரன் பதிவேற்றினார். மறுநாளே அதன்மீது ஒரு பதிப்புரிமைக் கோரிக்கை விழுந்திருந்தது. காணொளி நீக்கப்படவில்லை, அதில் வரும் விளம்பர வருமானம், ஏதேனும் இருந்தால், ஓர் இசை நிறுவனத்துக்குப் போகும் என்று தளம் தெரிவித்தது. அந்த நிறுவனத்தின் வெளியீட்டைத் தேடிப் பார்த்தபோது, இளம் இசையமைப்பாளர் ஒருவர் இதே பாட்டைக் கிட்டாரும் பேடும் வைத்துப் புதிதாக அமைத்திருந்தது தெரிந்தது. பல லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். வரிகள் என்ற இடத்தில் ‘பாரம்பரியம்’ என்று இருந்தது. பல்லவியில் ஒரு சொல் மாறியிருந்தது: ‘கணக்கெழுத வந்த கையி’ என்பது ‘கண்ணெழுத வந்த கையி’ ஆகியிருந்தது. கூலிக் கணக்குப் பாட்டு, கண்ணுக்கு மை தீட்டும் காதல் பாட்டாகிவிட்டது. படத்தில் ஒரு பெண் நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து மை தீட்டிக்கொண்டிருந்தார்.

பாடகருக்கு முதலில் கோபம் வந்தது அந்தச் சொல்லுக்காகத்தான்; பணத்தைப் பற்றிப் பேரன்தான் பேசினார். இந்த வேறுபாடு பின்னால் எடுத்த முடிவுகளையெல்லாம் பாதித்தது என்பதால் இங்கேயே குறிப்பிடுகிறோம்.

கண்டறிந்தவை

பாட்டு அவருடையது என்று ஊரே சொல்லும். ஆனால் ஊர் சொல்வதை நிறுவனத்தின் சட்டப்பிரிவுக்கு அனுப்ப முடியாது. எழுத்திலும் ஒலியிலும் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடினோம்.

முதலில் கிடைத்தது அவருடைய பாட்டு நோட்டு. அட்டை போய், ஓரம் செல்லரித்து, மஞ்சள் பையில் சுற்றிப் பரணில் கிடந்தது. பாட்டு பென்சிலால் எழுதப்பட்டு, அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. தேதி இல்லை. ஆனால் அதே தாளின் பின்பக்கத்தில், அதே பென்சிலில், ஒரு வாரத்து லோடுக் கணக்கு நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தது. அதில் 1991 என்று ஆண்டும் இருந்தது. காசு மிச்சம் பிடிக்க ஒரே நோட்டைக் கணக்குக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொண்டதால் கிடைத்த சான்று இது. அடித்தல் திருத்தல்களுக்கும் மதிப்பு உண்டு: எங்கேயோ கேட்டதை எழுதி வைப்பவர் ‘கூலி’ என்று எழுதி அடித்து, ‘சம்பளம்’ என்று எழுதி அடித்து, மறுபடியும் ‘கூலி’க்கு வரமாட்டார்.

இரண்டாவது, அறிவொளிக் காலத்தில் மாவட்டத்தில் அச்சான ஒரு சிறு பாட்டுப் புத்தகம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தார். பாட்டின் கீழே பாடகரின் பெயரும் ஊரும் இருந்தன. மூன்றாவது, 1996 கேசட். கேசட் பாடகர் வீட்டில் இருந்தது, பாடல் விவரம் அச்சிட்ட உள்ளட்டை இல்லை. பழைய சவுண்ட் சர்வீஸ் கடைக்காரர் ஒருவரிடம் கேசட்டும் உள்ளட்டையும் சேர்ந்தே கிடைத்தன. ‘பாடல்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஐந்து பாட்டுகளுக்கு அவர் பெயரும் மற்ற ஐந்துக்குக் ‘கிராமியம்’ என்றும் போட்டிருந்தது. இந்தப் பிரிப்பு நமக்குப் பெரிதும் உதவியது. எல்லாவற்றுக்கும் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

பாதகமான சான்று ஒன்றும் கிடைத்தது. 1990களின் இறுதியில் ஒரு வானொலி நிலையத்தில் அவர் பாடியபோது கொடுத்த பாடல் பட்டியலின் கார்பன் நகல் அதே மஞ்சள் பையில் இருந்தது. அதில் இந்தப் பாட்டுக்கு எதிரே ‘கிராமியப் பாடல்’ என்று அவரே தம் கையால் எழுதியிருந்தார். கேட்டபோது, கிராமிய இசை நிகழ்ச்சிக்கு வழிவழியாக வரும் பாட்டுகள்தான் வேண்டும் என்று சொல்லப்பட்டதாகவும், சொந்தப் பாட்டு என்று எழுதினால் பாட விடமாட்டார்களோ என்று பயந்து அப்படி எழுதியதாகவும் சொன்னார். மேடை கிடைக்க வேண்டுமென்றால் பாட்டைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தவர், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே பாட்டைத் தன்னுடையது என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி, பாட்டு இசையமைப்பாளரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது. நோட்டையும் கேசட்டையும் புதிய வெளியீட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். கேசட் ஒலிப்பதிவின்போது பாடகர் மூன்றாம் சரணத்தில் இரண்டு அடிகளை முன்பின்னாக மாற்றிப் பாடிவிட்டார்; திரும்ப எடுக்க நேரம் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். நோட்டிலும் அச்சுப் புத்தகத்திலும் அடிகள் சரியான வரிசையில் உள்ளன. மேடையிலும் அவர் சரியாகவே பாடுவார். புதிய வெளியீட்டில் அடிகள் கேசட்டில் இருந்ததுபோலவே முன்பின்னாக இருந்தன. ஆகவே பாட்டு வாய்வழியாகப் பரவி இசையமைப்பாளரை அடையவில்லை. கேசட்டின் ஒலியிலிருந்தே போயிருக்கிறது. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர்கள் பொதுப் பிழையைக் கொண்டு எந்த ஏட்டிலிருந்து எது படியெடுக்கப்பட்டது என்று காண்பார்கள். அந்த முறை இங்கேயும் பயன்பட்டது.

யாருடைய வரி எது

வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன், பாட்டில் எது தம்முடையது என்று பாடகரையே சொல்லச் சொன்னோம். இந்த அமர்வுக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. மெட்டு தம்முடையது இல்லை, அந்தப் பக்கத்து நடவுப் பாட்டு மெட்டு, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உடனே சொல்லிவிட்டார். பல்லவியும் மூன்று சரணங்களும் தாம் கட்டியவை என்றார். இரண்டாம் சரணத்தில் வரும் இரண்டு அடிகளுக்கு வந்தபோது நிறுத்தினார்.

வெள்ளக்கல்லு மேட்டுமேல வெயிலா நெழலா பாத்திருந்தேன்
கருக்கலில போனவுக கதவடைச்சும் வல்லையே

“இது எங்க ஆத்தா பாட்டு. எங்கப்பா செத்தன்னிக்குப் பாடுனது. இதுல எம்பேரப் போடக் கூடாது” என்றார். தாயார் இறந்துவிட்டார் என்பதால் அவருடைய பெயரையே போடலாமே என்று கேட்டோம். ஒப்பாரி அடிகளில் பாதி ஏற்கெனவே பலர் பாடியவையாகவும் மீதி அந்த நேரத்தில் வாயில் வருபவையாகவும் இருக்கும், ஆத்தா எங்கே கேட்டாரோ தமக்குத் தெரியாது என்று அதையும் மறுத்துவிட்டார். ‘வாய்மொழி மரபு’ என்று அந்த இரண்டு அடிகளுக்கு மட்டும் குறிப்பிடுவது என்று முடிவாயிற்று.

பேரனுக்கு இதில் வருத்தம். முழுப் பாட்டையும் கோரினால்தானே வலு இருக்கும் என்று அவர் நினைத்தார். எங்கள் கருத்து வேறு. இன்னது என்னுடையது இல்லை என்று ஒருவர் தாமே விலக்கி வைக்கும்போது, மீதியைப் பற்றி அவர் சொல்வது நம்பத்தக்கதாகிறது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடலின் சொற்களையும் இசையையும் தனித்தனிப் படைப்புகளாகவே பார்க்கிறது. மெட்டைக் கோராமல் சொற்களை மட்டும் கோருவதால் உரிமை குறைவதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

யூடியூபில் வந்த கோரிக்கையை அங்கேயே மறுத்துப் பதில் போடுவதுதான் பேரனின் முதல் எண்ணம். மறுப்புக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் விடாப்பிடியாக நின்றால் காணொளி நீக்கப்பட்டு, சேனல்மீது ஒரு ஸ்டிரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழலாம். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அதைவிட, அந்த வழியில் வெற்றி பெற்றாலும் விடுவிக்கப்படுவது பேரனின் ஒரு காணொளி மட்டுமே. நிறுவனத்தின் வெளியீட்டில் உள்ள ‘பாரம்பரியம்’ அப்படியே இருக்கும். எனவே அதைத் தள்ளிவைத்தோம்.

ஊர் இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் இசையமைப்பாளரின் பெயரைப் போட்டுத் திருட்டு என்று எழுத முன்வந்தார்கள். இதையும் வேண்டாம் என்றோம். பாட்டு அவர் கைக்கு எப்படிப் போனது என்று அப்போது நமக்குத் தெரியாது. தெரியாமல் செய்தவரைத் திருடர் என்று பலர்முன் சொல்லிவிட்டால், பிறகு அவர் நமக்குச் சாட்சியாக வரமாட்டார். இந்த முடிவு சரியானது என்பது பின்னால் தெரிந்தது.

நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே பாடல் வரிகளைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய விண்ணப்பித்தோம். பதிவு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் பதிவேட்டில் உள்ளதை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக (மறுத்து நிறுவப்படும்வரை செல்லும் சான்றாக) ஏற்கும். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். யாரேனும் ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும்.

கேசட் காலத்துக் கையெழுத்து எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. முழு உரிமையையும் எழுதிக் கொடுத்ததாகப் பாடகர் நினைக்கிறார். எத்தனை ஆண்டுக்கு என்று எதுவும் பேசியதாக நினைவில்லை. 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டு என்றே கொள்ள வேண்டும் என்பதை வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார். கேசட் 1996இல் வந்தது. ஆவணத்தில் காலம் இல்லை என்பது உண்மையானால், உரிமை 2001இலேயே பாடகரிடம் திரும்பியிருக்கும். அறிவொளிக்காக எழுதியது அரசுக்குச் சொந்தமாகாதா என்ற கேள்விக்கு, வேலைக்கு அமர்த்தப்பட்டுச் சம்பளத்துக்கு எழுதியவரின் நிலை வேறு, தொண்டராக வந்து எழுதியவரின் நிலை வேறு என்று வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். வழக்கு என்று போனால் இரண்டுமே வாதத்துக்குரியவை என்பதையும் மறைக்கவில்லை.

வானொலிப் பட்டியலை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. அந்த நகல் நம்மிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. நாமே அதை இணைத்து அனுப்ப வேண்டும் என்று வழக்கறிஞர் உறுதியாகச் சொன்னார். எங்காவது மூலப்படி இருந்து எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டினால், நோட்டும் கேசட்டும்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகும். பாடகரின் விளக்கத்தோடு அதையும் சேர்த்தே அனுப்பினோம்.

பேச்சுவார்த்தை

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. பதிவு விண்ணப்ப எண்ணையும், கேசட்டையும் புதிய வெளியீட்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்படி தொகுத்த ஒலிக்கோப்பையும் இணைத்து இரண்டாவது கடிதம் போனது. சட்டப்பிரிவிலிருந்து பதில் வந்தது. எதிர்பார்த்தபடியே வானொலிப் பட்டியலைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு ஓர் இயக்கத்தின் பொதுச்சொத்து என்றும் எழுதியிருந்தார்கள். அடிகள் முன்பின்னாக இருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதற்கிடையில் இசையமைப்பாளரை ஆவணக்குழுவின் நண்பர் ஒருவர் வழியாகத் தனியே சந்தித்தோம். அவர் சொன்ன வரலாறு தெளிவாக இருந்தது. பள்ளியில் படித்தபோது ஆண்டுவிழாவில் மாணவிகள் இந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். அது மனதில் நின்று, பிற்பாடு உறவினர் ஒருவரின் பழைய மெமரி கார்டில் பாட்டு அகப்பட்டிருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுகள் நூறு, இருநூறு என்று எம்பி3 குறுந்தகடாக விற்றதையும், அதைச் செல்போன் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்ததையும் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பை அவர் எங்களுக்கு அனுப்பினார். கோப்பின் பெயர் ‘டிராக் 07’. போட்டுக் கேட்டால், சற்றே வேகமாக்கப்பட்ட பாடகரின் குரல். இத்தனை ஆண்டாகத் தான் கேட்டுக்கொண்டிருந்தது யாருடைய குரல் என்று இசையமைப்பாளருக்கு அன்றுதான் தெரிந்தது.

கேசட்டில் உள்ளட்டை இருந்தவரை பாட்டுக்கு ஆசிரியர் இருந்தார். ஒலியை மட்டும் கணினியில் ஏற்றி உள்ளட்டையைத் தூக்கிப்போட்ட இடத்தில் பெயர் உதிர்ந்துவிட்டது. அதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை; செய்தவரும் ஒரு பெயரை அழிப்பதாக நினைத்திருக்கமாட்டார். அதன்பின் பாட்டைக் கேட்ட ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடேயே அதை மரபுப் பாட்டு என்று நம்பினார்கள். கண்ணெழுத என்ற மாற்றம்கூட முழுவதும் வேண்டுமென்று செய்ததல்ல. வேகமாக்கிய ஒலியில் அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழுகிறது.

இசையமைப்பாளர் பாடகரின் வீட்டுக்கே வந்தார். “ஐயா, எனக்குத் தெரியாது” என்பதற்குமேல் அவரால் அன்று அதிகம் பேச முடியவில்லை. பாடகர் அவரைத் திட்டவில்லை. உட்கார வைத்து, சொல்லைத் திருத்திப் பாடிக் காட்டினார். நிறுவனத்துக்கு இசையமைப்பாளர் எழுதிய மின்னஞ்சலும், அவர் அனுப்பிய ‘டிராக் 07’ கோப்பும்தான் பேச்சுவார்த்தையை நகர்த்தின.

விளைவு

நிறுவனம் வரிகளுக்குப் பாடகரின் பெயரையும், இரண்டு அடிகளுக்கு ‘வாய்மொழி மரபு’ என்ற குறிப்பையும் போட ஒப்புக்கொண்டது. ஒரு தொகை கொடுத்தது. பேரனின் காணொளிமீதிருந்த கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. பாடலாசிரியருக்குரிய பங்கு இனி ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கு உரிய பங்கைத் திரட்டித் தரும் சங்கம்) வழியாகப் பாடகருக்குப் போவதற்கு இடையூறு செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தது. அதுவரை வந்த வருமானத்தின் கணக்கைக் காட்ட மறுத்துவிட்டது. பல்லவியின் சொல்லைத் திருத்தி மறுபடியும் ஒலிப்பதிவு செய்வதற்கும் உடன்படவில்லை.

படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் மதிப்புக்குக் கேடு விளைவிப்பதைத் தடுக்கும் உரிமை சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. ஆசிரியர் தாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் புதுக்கோட்டையிலேயே நடத்தியிருக்க முடியும். ஆனால் ஒரு சொல் மாறியதால் மதிப்புக் கெட்டது என்று நிறுவுவது எளிதல்ல, ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று வழக்கறிஞர் சொன்னார். “வழக்குக்கு நடக்க எனக்கு முழங்கால் இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டுப் பாடகர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இந்த முறை நகலைப் பேரன் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் பார்வையில் இது அரை வெற்றிதான். அவருக்கு முதலில் வலித்தது எதுவோ அது அப்படியே இருக்கிறது.

பின்னர் நடந்தவை

யூடியூப் குறிப்பில் பெயர் விரைவில் மாறியது. பாட்டுச் செயலிகளில் மாறப் பல மாதங்கள் ஆயின. ஒரு செயலியில் இன்னும் பழைய குறிப்பே இருக்கிறது. பாட்டின் துண்டுகளை எடுத்து மற்றவர்கள் போட்டிருக்கும் குறுங்காணொளிகளில் எந்தப் பெயரும் இல்லை, வரப்போவதும் இல்லை.

ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராவது எதிர்பார்த்ததைவிடச் சிரமமாக இருந்தது. மேடையிலும் கேசட்டிலும் ஊர்ப்பெயரை முன்னே சேர்த்து அழைக்கப்பட்டவர் அவர். ஆதாரில் தந்தையின் முதலெழுத்தோடு ஒரு பெயர்; பான் அட்டையில் எழுத்துப்பிழையோடு இன்னொன்று; வங்கிக் கணக்கில் மூன்றாவது. பாட்டு யாருடையது என்று நிறுவிய பின், பாடகர் யார் என்று நிறுவ வேண்டியதாயிற்று. பான் அட்டையைத் திருத்தி, மேடைப் பெயரும் இவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தபின் அது முடிந்தது. பெயர் வெளியே தெரிந்ததால் மேடைகளும் சில கிடைத்தன, கல்லூரிகள் அழைக்கின்றன. அங்கெல்லாம் இந்தப் பாட்டைப் பாடும்போது மாணவர்கள் ‘கண்ணெழுத’ என்றே கூடப் பாடுகிறார்கள். அவர் நிறுத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே பாடுகிறார்.

மாற்ற வேண்டியவை

பாட்டுத் திரட்டுவோர் இதுவரை பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி வந்திருக்கிறோம். குறிப்பேடு ஒரு நாள் ஒலியிலிருந்து பிரிந்துவிடும் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. ஆகவே பாட்டைத் தொடங்கும் முன் பாடுபவரே தம் பெயரையும் ஊரையும் நாளையும், பாட்டைக் கட்டியவர் யார் என்பதையும் தம் வாயால் சொல்லி அதையும் சேர்த்துப் பதிவு செய்யும் வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். கடைசிச் சரணத்தில் பெயரை முத்திரையாக வைத்துப் பாடலாமே என்று பாடகரிடம் சொல்லிப் பார்த்தோம். சிந்துப் பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டு விற்ற அந்தக் காலத்துச் சிந்துப் புத்தகக்காரர்கள் அப்படிச் செய்தவர்கள்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கூலிப் பாட்டில் தன் பெயர் எதற்கு என்று கேட்கிறார்.

‘பாரம்பரியம்’ என்று பதிவேற்றும் முன் என்ன தேடல் செய்யப்பட்டது என்று நிறுவனங்கள் ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும். இந்தப் பாட்டின் விஷயத்தில், புதுக்கோட்டைப் பக்கம் அறிவொளியில் இருந்த யாரை விசாரித்திருந்தாலும் விடை கிடைத்திருக்கும். கலைக்குழுவினரும் கையெழுத்திடும் தாள் எதுவானாலும் அங்கேயே அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்; ஆண்டு எத்தனை என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாடகரின் நோட்டில் உள்ள மற்ற பாட்டுகளையும் இதே முறையில் பிரித்துவருகிறோம். முழுவதும் அவர் கட்டியவை, மரபு அடிகளைச் சேர்த்துக் கட்டியவை, கேட்டு எழுதி வைத்தவை என்று பெரும்பாலானவை பிரிந்துவிட்டன. செட்டில் ஆர்மோனியம் வாசித்த நண்பரோடு சேர்ந்து கட்டிய நான்கு பாட்டுகள் மட்டும் நிற்கின்றன. அந்த நண்பர் இறந்துவிட்டார். அவருடைய மகள் திருப்பூரில் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அந்த நான்கையும் பதிவுக்கு அனுப்பக் கூடாது என்று பாடகர் சொல்லியிருக்கிறார்.